குளிர்காலமும் மசாலாவும்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கரண்டிக்காரி

போன வருஷக் குளிரில் நடந்தது. அப்பாவுக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கு இரண்டும் அடைத்துக் குரலே மாறிப் போயிருந்தது. காய்கறி சூப்பில் மசாலாவைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் தொண்டைக்கு இதமாக இருக்குமே என்று பட்டை, மிளகு, கிராம்பு மூன்றையும் வறுத்துப் பொடித்தேன். கிராம்பு மட்டும் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒரு ஆள் குடிக்கிற சூப்புக்கு! எண்ணிப் போடவில்லை, டப்பாவைக் கவிழ்த்ததும் விழுந்ததுதான் கணக்கு.

முதல் வாய் குடித்ததும் அப்பா முகம் அப்படியே நின்றது. நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார், இருக்கிறதா போய்விட்டதா என்று சோதிக்கிற மாதிரி. அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் முழுதையும் குடித்துவிட்டு, கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பாத்திரத்தில் மீதியிருந்ததை நான் வாயில் விட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. உதடு மரத்து, பேச்சே குழறியது. திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். கிண்ணத்தைக் கழுவி வைத்தாரே, அதுதான் தாங்கவில்லை.

பால்கணக்கு

எனக்கு இஞ்சி. விடியற்காலைக் குளிரில் கை விறைக்க எழுந்து, சீக்கிரம் ஆகட்டும் என்று பச்சைப் பாலிலேயே இஞ்சியைத் துருவிப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதி வருவதற்குள் ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு, நடுவில் மஞ்சள் பூத்த தண்ணீர். பால் கெட்டுப் போயிருக்கிறது என்று கொட்டிவிட்டு இன்னொரு பாத்திரத்தில் மீதிப் பாலை வைத்தேன். மறுபடியும் அதே கதை.

பால் கொண்டுவரும் பெரியவர் அடுத்த நாள் வந்ததும் வாசலிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். காதோடு சேர்த்துத் துண்டு சுற்றியிருந்தார். நான் கத்தியது சரியாகக் கேட்கவில்லை போல. ஒரு பக்கத்துத் துண்டை விலக்கிக் காதைக் காட்டினார். நான் இன்னொரு தடவை, அதே வார்த்தைகளை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

பச்சை இஞ்சியில் பால் புரதத்தை வெட்டுகிற நொதி ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. இதே குணத்தை வைத்துச் சூடான பாலில் இஞ்சிச் சாறு விட்டு, அசைக்காமல் உறைய வைத்து இனிப்புச் செய்கிறவர்கள்கூட உண்டு. இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும், அப்புறம் பால் ஊற்றினால் திரியாது. எனக்கு இது தெரிந்தபோது பெரியவர் வருவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சந்தேகப்பேர்வழி

கரண்டிக்காரி, குற்றம் கிராம்பு மேல் இல்லை, பொடித்தீர்களே அதில். முழுசாகப் போட்டிருந்தால் சாரம் மெல்ல இறங்கும், பரிமாறும்போது பொறுக்கி எறியலாம். பொடித்தால் மொத்தமும் நாக்குக்குத்தான். மரத்துப் போகச் செய்வது யூஜினால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்களே, அதே சரக்கு. உங்கள் அப்பாவுக்குப் பல்வலி இருந்திருந்தால் வாழ்த்தியிருப்பார்.

அப்புறம், "மசாலா உடம்புக்குச் சூடு தரும்" என்று யாரும் இன்னும் எழுதவில்லை. எப்படியும் எழுதுவீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். வாயிலும் தோலிலும் உள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் சூடே இல்லாமல் அதே கதவைத் தட்டுகின்றன. மூளை "சுடுகிறது" என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது.

என் அனுபவம் சின்னது. ஒரு டிசம்பர் ராத்திரி சூப்பில் மிளகை அள்ளிப் போட்டுக் குடித்துவிட்டு, இனிக் குளிர் என்ன செய்யும் என்று பனியனோடு மொட்டை மாடியில் போய் நின்றேன். நன்றாக வியர்த்தது. வியர்வை மேல் காற்று அடித்ததும் பல் கிட்டிக்கொண்டது. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க விரல் வளையவில்லை.

ஜன்னலைத்திற

குளிர் உள்ளே வரக்கூடாது என்று சமையலறை ஜன்னலை இறுக மூடிவிட்டு எண்ணெயில் காய்ந்த மிளகாய் போட்டேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மிளகாய் கருகிவிட்டது. இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

அடுத்த நிமிஷம் வீட்டில் இருந்த ஆறு பேரும் இருமிக்கொண்டே வாசலில் நிற்கிறோம். தாத்தா கம்பளியோடு, மாமியார் ஒற்றைச் செருப்போடு, என் கையில் இன்னும் கரண்டி. கண்ணைத் துடைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே நான் துடைத்தேன். அந்தக் கையால்தான் மிளகாயைக் கிள்ளிப் போட்டிருந்தேன். தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ எரிச்சல் அப்படியே இருந்தது. பத்து நிமிஷம் பனியில் நின்றோம். அத்தனை பேரும் இருமினார்களே தவிர யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டால் தாத்தா எழுந்து கம்பளியை எடுத்துக்கொள்கிறார்.

அடுப்பங்கரைப் பெரியவர்

எல்லாவற்றையும் படித்தேன். என் கதை இரண்டு வரி: கல்யாணமான புதிதில் பாயசத்துக்கு அரை ஜாதிக்காயைத் துருவிப் போட்டேன். ஒரே கசப்பு, யாரும் வாயில் வைக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் ஜாதிக்காய் இரண்டு மூன்று தேக்கரண்டி அளவுக்கு உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிட்டிகைக்கு மேல் அதற்கு உரிமை இல்லை.

இப்போது மற்றவர்களுக்கு. முழு மசாலாவை எண்ணெய் சூடானதும் போடுங்கள், பொடியைக் கடைசியில் போடுங்கள். மிளகுத்தூளை ஆரம்பத்திலேயே போட்டு அரை மணி கொதிக்கவிட்டால் உறைப்பு நிற்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கிராம்பு, ஏலக்காய் எதுவானாலும் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். மெல்லிய துணியில் முடிந்து போட்டால் எண்ண வேண்டிய வேலையும் மிச்சம். வறுக்கும்போது ஒன்றாகக் கொட்டாதீர்கள், மிளகு சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிடும். சுக்கையும் இஞ்சியையும் ஒரே அளவில் மாற்றிப் போடாதீர்கள். காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரால் ஷோகாலாக மாறும், அதற்கு உறைப்பு அதிகம். டப்பாக்களை அடுப்புக்கு மேல் அடுக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே வாசனை போய்விடும்.

பட்டை வாங்கும்போது பாருங்கள். ஒரே தடித்த சுருளாக, உடைக்கக் கை வலித்தால் காசியா. காகிதம் போல மெல்லிய அடுக்குகள் சுருண்டு, தொட்டால் நொறுங்கினால் அசல் இலவங்கப்பட்டை. காசியாவில் கூமரின் அதிகம், அது அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். எப்போதாவது ஒரு துண்டு போடுகிறவர் பயப்பட வேண்டாம். குளிர்காலம் முழுக்கத் தினமும் கரண்டி கரண்டியாகப் பட்டைத்தூள் கலந்து குடிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன், அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார்.

பால்கணக்கு

ஐயா, வாசனை போன மிளகு இல்லை எங்கள் பிரச்சினை. நான் ஒரு மனிதரைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன், அதைத்தான் எழுதியிருந்தேன்.

சந்தேகப்பேர்வழி சகோ, ஏற்பி, நரம்பு எல்லாம் சரி. குளிரில் நடுங்குகிறவனுக்கு மூளை ஏமாந்தாலும் இதம் இதம்தானே? மாடியில் பனியனோடு நிற்கச் சொன்னது யார்?

சந்தேகப்பேர்வழி

இதம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இன்னொரு தகவல்: ஜன்னலைத்திற கண்ணைத் தண்ணீரில் கழுவியும் எரிச்சல் நிற்கவில்லை என்றாரே, கேப்சைசின் தண்ணீரில் கரைவதே அரிது, கொழுப்பில்தான் கரையும். கையில் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட வேண்டும். கண்ணில் எண்ணெய் விடச் சொல்லவில்லை, அதற்குத் தண்ணீர்தான், நிறைய, பொறுமையாக.

பட்டைத்தூள்

ஓட்ஸ் கஞ்சியில் பட்டைத்தூளை இரண்டு கரண்டி போட்டு ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் கரண்டியைத் தூக்கினால் கஞ்சி நூல் நூலாகக் கூடவே வந்தது. மூக்கு ஒழுகுகிற மாதிரி. பட்டையிலுள்ள கோந்துச் சத்து தண்ணீரில் ஊறினால் இப்படித்தான் ஆகுமாம். வீட்டில் இருந்த ஒருவர் சாப்பிட்டார், அது நான் இல்லை.

கரண்டிக்காரி

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று அப்பாவுக்கு போன் செய்து நேராகவே கேட்டேன், அன்றைக்கு ஏன் எதுவும் சொல்லவில்லை என்று. அவருக்கு முதலில் எந்த சூப் என்றே ஞாபகம் வரவில்லை. அப்புறம் சிரித்தார். "மூணு நாளா எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருந்துதும்மா. அது ஒண்ணுதான் வாய்க்குத் தெரிஞ்சுது" என்றார்.

மூக்கு அடைத்தால் மணம் தெரியாது, உறைப்பும் மரமரப்பும் தெரியும், சரிதான். அவர் சொன்னது உண்மையா, எனக்காகச் சமாளித்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார், சூப் வேண்டுமாம். இரண்டு கிராம்பு, முழுசாக, துணியில் முடிந்து.