துளை இறங்கும்போதே கீழே இருப்பதை எப்படிக் கேட்கிறார்கள்?

நிலாவெளி_குழாய்க்கிணறு:
வணக்கம். திருகோணமலையில் குழாய்க்கிணறு அடிக்கிற வண்டியில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். மச்சான் கட்டாரில், கடலில் நிற்கிற எண்ணெய் றிக் ஒன்றில் இருக்கிறான். துளை போய்க்கொண்டிருக்கும்போதே நில அதிர்வு அலையை வைத்து, அடுத்த பாறை எத்தனை மீற்றரில் வரும் என்று பார்ப்பார்களாம். எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் கொம்பிரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்துவதே கேட்காது, அந்தச் சத்தத்துக்குள் 3 கிலோமீற்றர் கீழே எதிரொலியை யார் கேட்பது?

இன்னொன்று, அது எங்கள் வேலைக்குச் சரிவருமா? போன மாதம் ஒரு வளவில் 200 அடி போயும் வெறும் கல்தூள்தான். 15 அடி தள்ளிப் போட்டோம், 90 அடியில் தண்ணீர் பீச்சியடித்தது. வீட்டுக்கார அம்மா இரண்டு துளைக்கும் காசு கட்டினார். அது மனதை விட்டுப் போகவில்லை.

சீனக்குடா_அண்ணா:
தம்பி, நான் அந்த வேலையில் பல வருடம் இருந்தவன். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நில அதிர்வுப் படம் (மேலிருந்து அலை அனுப்பி, வருகிற எதிரொலியை வைத்து முன்கூட்டியே வரைவது) ஆழத்தைக் காட்டாது, நேரத்தைத்தான் காட்டும். கோணேசர் மலைக்குக் கீழே வள்ளத்தில் நின்று கூப்பிட்டால் எதிரொலி எத்தனை செக்கனில் வந்தது என்று தெரியும், ஆனால் மலை எவ்வளவு தூரம் என்று சொல்ல ஒலியின் வேகமும் தெரிய வேண்டுமே. காற்றில் அது தெரிந்த கணக்கு. பாறைக்குள் அடுக்குக்கு அடுக்கு மாறும். அலை போய்வர 2.4 செக்கன் என்றால், சராசரி வேகம் செக்கனுக்கு 3,000 மீற்றர் என்று வைத்தால் ஆழம் 3,600 மீற்றர், 2,900 என்று வைத்தால் 3,480. வித்தியாசம் 120 மீற்றர்! கீழே அழுத்தம் கூடிய களிப்பாறை இருந்து, அதற்கு முன்னால் கேசிங் (துளைச் சுவர் இடியாமல் காக்கிற இரும்புக் குழாய்) இறக்க வேண்டும் என்றால் இந்தப் பிழை கிணற்றையே கவிழ்த்துவிடும்.

இனிச் சத்தம். அளவெடுப்பது துளை ஓடும்போது இல்லை. ஏறக்குறைய 27 மீற்றருக்கு ஒருமுறை அடுத்த பைப்பைப் பூட்ட எல்லாவற்றையும் நிறுத்துவோம். பம்ப் நிற்கும், பைப் சுற்றாது, றிக் முழுக்க திடீரென்று அமைதியாகிவிடும். அந்தச் சில நிமிடத்துக்குள், கிரேனில் கட்டிக் கடலுக்குள் சில மீற்றர் ஆழத்தில் தொங்கவிட்ட காற்றுத் துப்பாக்கியை (அழுத்திய காற்றைத் திடீரென்று விட்டு அலை எழுப்புகிற கருவி) வெடிப்போம். பிட்டுக்கு (கல்லை உடைக்கிற துளை முனை) மேலே பைப்போடு பூட்டியிருக்கிற கருவி அந்த அலை வந்த நேரத்தைப் பதியும். அதன் கடிகாரமும் மேலே உள்ள கடிகாரமும் மில்லிசெக்கன் கணக்கில் ஒத்திருக்க வேண்டும், அங்கேதான் நாங்கள் உயிரை விடுவோம். பிறகு பம்ப் ஓடத் தொடங்கினால்தான் செய்தி மேலே வரும், ஏனென்றால் அது வருவதே பம்ப் துளைக்குள் ஓட்டுகிற சேற்றில் உண்டாக்கும் அழுத்தத் துடிப்பாக. ஆமை வேகம், ஆனால் ஒரு நேரத்தை அனுப்ப அது போதும். அந்த ஒரு எண்ணால் பிட் இப்போது படத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும், மீதித் தூரத்தைத் திருத்திக் கொள்வோம். கீழிருந்து தெறித்து வரும் அலைகளையும் பிரித்தெடுத்தால் பிட்டுக்கு முன்னால் உள்ளதும் கொஞ்சம் தெரியும்.

பக்கத்தில் பழைய கிணறு இல்லாத இடத்தில்தான் இதன் அருமை தெரியும். 2011இல் டொராடோ, பரகுடா கிணறுகளில் வாயு கண்ட மன்னார்ப் படுகை மாதிரி இடங்களில் வேகத்தை ஊகித்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

பௌதிகம்_மூதூர்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. பிட் பாறையை உடைக்கிற அதிர்வையே அலையாகப் பயன்படுத்துகிற முறையும் உண்டு. பல் உருளைகள் உள்ள பிட் கல்லைக் குத்திக் குத்தி உடைப்பதால் அதற்கு வாய்ப்பானது. சீவிக்கொண்டு போகிற வைரப்பல் பிட்டில் அந்தச் சத்தம் குறைவு.

தம்பியின் வளவுக்கு வருவோம். நம் கருங்கல்லில் தண்ணீர் நிற்பது மேலே உக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான். 3,000 மீற்றர் வேகமும் 30 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணும் என்றால் அலைநீளம் 100 மீற்றர். அதில் கால் பங்கு, 25 மீற்றர், அதைவிட மெல்லிய அடுக்கைப் பிரித்துக் காண்பதே கஷ்டம். கையகல வெடிப்பு எங்கே தெரியப் போகிறது? இங்கே உதவுவது வேறு: இரும்புத் தட்டில் சம்மட்டியால் அடித்து அலை முறிவைப் பார்த்தால் உக்கிய பாறையின் தடிப்பு தெரியும், நிலத்தில் கம்பி நட்டு மின்தடைத் திறனை அளந்தால் ஈரம் எங்கே என்று ஓரளவு தெரியும். நிலாவெளிக் கரையோரம் உப்புத் தண்ணீரைப் பிடிக்கவும் அதுதான் நல்லது.

நிலாவெளி_குழாய்க்கிணறு:
பம்ப் ஓடினால்தான் செய்தி வரும் என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, நன்றி அண்ணா. வருகிற கிழமை தம்பலகாமத்தில் ஒரு வேலை இருக்கிறது. வண்டியை ஏற்ற முதல் மின்தடை அளக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கப் போகிறேன்.

பௌதிகம்_மூதூர்:
கட்டாயம் கேளுங்கள். கம்பி வேலிக்குப் பக்கத்தால் வயரை இழுக்க விடாதீர்கள், அளவு பிழைத்துவிடும். துளை போகும்போது எத்தனையாவது அடியில் தூளின் நிறம் மாறுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், அடுத்த வளவுக்கு அளக்க வருகிறவருக்கு அது பெரிய உதவி.