யாருக்கு என்ன முறை? காதுகுத்துக்குப் போகுமுன் ஒரு சந்தேகம்

குட்டிச்சுவர்:
அடுத்த மாதம் சிவகங்கைப் பக்கம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. 200 பேர் வருவார்கள், முகம் தெரிந்தவர்கள் 20 பேர்கூட இல்லை. எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட மனசில்லை. அப்பாவின் அத்தை மகன் எனக்கு என்ன வேணும்? அம்மாவின் சித்தி மகள்? மனப்பாடம் பண்ணாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
உங்களிடமிருந்து எண்ணத் தொடங்கினால் குழம்பும். வந்தவர் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன முறை என்று மட்டும் கேளுங்கள். அப்பாவுக்கு அண்ணன் தம்பி என்றால் பெரியப்பா, சித்தப்பா. மச்சான் என்றால் மாமா. அக்கா தங்கச்சி என்றால் அத்தை. ஆனால் அப்பாவுக்கு மதினி, கொழுந்தியா முறை வருகிற பெண்கள் அத்தை இல்லை, பெரியம்மா, சித்தி. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அம்மா பக்கம்: அண்ணன் தம்பி மாமா, அக்கா தங்கச்சி பெரியம்மா, சித்தி, நாத்தனார் அத்தை, கொழுந்தன் சித்தப்பா.

ஆக, அப்பாவின் அத்தை மகன் மாமா. அம்மாவின் சித்தி மகள், அம்மாவுக்கு மூத்தவரானால் பெரியம்மா, இளையவரானால் சித்தி. மாமா, அத்தை முறைக்காரர்களின் பெண்ணை 'தங்கச்சி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். "கட்டிக்கிற முறைடா" என்று பந்தி முடியும்வரை ஓட்டுவார்கள்.

வைகைக்கரை:
அக்கா மகளைக் கட்டிய வீட்டில் மேலே சொன்ன கணக்கு இடிக்கும். அப்பா தன் அக்கா மகளைக் கட்டியிருந்தால், அந்த அக்கா பிள்ளைகளுக்கு அத்தையும்தான், அம்மாச்சியும்தான். அவர் மகன் ஒரு வழியில் மச்சான், இன்னொரு வழியில் தாய்மாமன். இப்படி இரண்டு முறை வந்தால் மேல் தலைமுறை முறையை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

வயதை நம்பவே கூடாது. பந்தியில் ஐஸ்கிரீமுக்கு அழுகிற பையன் சித்தப்பாவாக இருப்பான்.

அரசமரத்தடி:
சொல்லும் ஊருக்கு ஊர் மாறும். 'அப்பச்சி' நகரத்தார் வீட்டில் அப்பா, கொங்கில் அம்மாவின் அப்பா. 'ஆச்சி' நெல்லையில் பாட்டி, நகரத்தாரிடம் அக்கா. அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

போகுமுன் வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, தாத்தாவோடு பிறந்தவர்களை ஒரு வரிசையாகவும் பிள்ளைகளை அதற்குக் கீழேயும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஊர் கட்டாயம். தாத்தா பெயரையே பேரன்களுக்கு வைப்பதால் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். யார் தவறிவிட்டார், எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடம் இறந்தவரை "வரலையா?" என்று கேட்டுவைத்தால் சமாளிக்க முடியாது.

அறிமுகத்தில் உங்கள் பெயர் கடைசியில் வரட்டும்: தாத்தா பெயர், ஊர், "அவர் பேரன்", பிறகு அப்பா பெயர். மொய்க்கு வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். அவர்கள் 501 செய்திருந்தால் அதற்குக் குறையக் கூடாது. எழுதுவது அப்பா பெயரில், ஊரோடு.

குட்டிச்சுவர்:
நன்றி. அப்பாவுக்குக் கொழுந்தியா முறை வருகிறவரின் கணவர்?

கணக்குப்பிள்ளை:
அப்பாவுக்குச் சகலை, உங்களுக்குச் சித்தப்பா. அப்பாவைவிட மூத்தவராக இருந்தாலும் சித்தியின் கணவர் சித்தப்பாதான்.