புதுப்பிப்பு: கலை வாரத்துக்கான காகித முகமூடி

பள்ளிக் கலை வாரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு காகித முகமூடி செய்ய முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்துவிட்டோம்.

பலூன் மேல் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை ஒட்டினோம். ஒரே நாளில் நாலு அடுக்கு ஏற்றியது என் அவசரம். மேலே மொறமொறப்பு, உள்ளே ஈரம், மூன்றாம் நாள் புளித்த வாடை! சரி என்று பாதியைத் தூக்கிப் போட்டு, நாளுக்கு ஒரே அடுக்காக மறுபடி ஒட்டினோம்.

வண்ணம் பூசும் நாள்தான் கொண்டாட்டம். சிவப்பும் நீலமும் மட்டும்தான் கொடுத்தேன். கிண்ணத்தில் ஊதா வந்ததும் ஒரு பையன், "மிஸ், இதை யார் ஊத்துனது?" என்றான்.

கலை வாரத்தில் மற்றபடி பாட்டும் நாடகமும் சுமார்தான். ஒரு முகமூடி மட்டும் இன்னும் ஜன்னலோரம் காய்கிறது; மூக்கில் ஈரம்.