இசைப்பள்ளி, இசைக் கல்லூரி ஆட்களே, உங்களுக்கு மேடை எங்கே கிடைத்தது?

வீரவநல்லூர் மாமா:
அக்கா மகள் பத்தாவது முடித்துவிட்டு நாகசுரம் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கள் வீட்டில் வாசிக்கிற பரம்பரை எல்லாம் கிடையாது, கோயில் கொடைத் திருவிழாவில் கேட்டதோடு சரி. மச்சான் பயப்படுகிறார், அக்கா பேசாமல் இருக்கிறாள், என்னைத்தான் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

படிப்பு விவரம் விசாரித்தாயிற்று. திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு, மூன்று வருடச் சான்றிதழ் படிப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் மதுரையிலோ திருவையாற்றிலோ அரசு இசைக் கல்லூரி. இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. படிக்கிற காலத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்க, ஆட, வரைய என்ன வாய்ப்பு வருகிறது, அதில் யாரைச் சந்தித்தீர்கள், அதனால் ஏதாவது நடந்ததா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்தவர் பையன் படிக்கும் ஓர் இடத்தில் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தின நேரம், பிள்ளைகள் வாசித்த நேரத்தைவிட அதிகம். இவ்வளவுதானா, இல்லை இதற்கு வெளியே வேறு ஏதும் உண்டா? படித்தவர்கள் மனசில் உள்ளதைச் சொல்லுங்கள். அவளும் இதைப் படிப்பாள்.

ஒத்துக்காரன்:
அண்ணாச்சி, ஆண்டு விழாவைக் குறை சொல்லாதீர்கள், எனக்கு எல்லாம் ஆரம்பித்ததே அங்கேதான். ஆனால் மேடையில் இல்லை, மேடையை விட்டு இறங்கின பிறகு.

எங்களுக்கு ஒதுக்கினது பத்து நிமிடம்கூட இல்லை. நாகசுரத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆலாபனையைத் தொட்டுத் தொடங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் ஆசிரியர் கம்பீர நாட்டை ராகத்தில் ஒரு மல்லாரியை மட்டும் எடுக்கச் சொன்னார். வாசித்தோம், கை தட்டினார்கள். கீழே இறங்கி வந்தால், முன் வரிசை ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். தவில் வித்வான், பேத்தி பரதநாட்டியம் ஆடுவதைப் பார்க்க வந்தவர். "எய்யா, நல்லாத்தான் ஊதுத. ஆனா மல்லாரிய ஒரே எடத்துல நின்னுக்கிட்டு வாசிச்சா எப்படி? அது சாமி கூட நடந்து வாசிக்கதுலா. பங்குனி உத்திரத்துக்கு எங்கூருக்கு வாரியா?" என்றார்.

போனேன். சம்பளம் பற்றிப் பேசவே இல்லை. சப்பரம் கிளம்பின பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. காலப்பிரமாணத்தை நாம் வைக்க முடியாது, சப்பரம் தூக்குகிறவர்களின் கால்தான் வைக்கும். முக்குத் திரும்பும்போது மெதுவாகும், மேட்டில் இழுக்கும், இறக்கத்தில் ஓடும். தவில்காரர் அதை ஒரு பார்வையில் பிடித்துவிடுகிறார், நாம்தான் பின்னால் அலைய வேண்டும். வாய்க்கால் கரைக்கு வந்ததும் காற்று அடித்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி காய்ந்து குரல் மாறிப்போனது. வாத்தியத்தோடு கூடுதல் சீவாளிகள் ஏன் தொங்குகின்றன என்று வகுப்பில் யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் வாசித்த அண்ணன் சைகை காட்டினார், இன்னொன்றை வாயில் வைத்து ஈரப்படுத்தி, அதை மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று.

விடிகிற நேரத்தில் கோயில் வாசலில் உட்கார்ந்து அவர் காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்ட கதையைச் சொன்னார். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டதாம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-ல் போய்ச் சேர்ந்தார், வயசு நாற்பத்து சொச்சம்தான். இன்றைக்கும் நம் ஊரில் கல்யாண வீட்டில் எவனாவது நன்றாக வாசித்துவிட்டால், பெரியவர்கள் யோசிக்காமல் எடுக்கிற பெயர் அதுதான். அந்தப் பெரியவர் மூலமாகத்தான் எனக்கு வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இரண்டாவது நாயனம் வாசிக்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்று கவலைப்படுவார்கள், ஆனால் நம் பக்கம் ஆடியில் கொடை வந்துவிடும்.

பெண் பிள்ளை நாகசுரமா என்று மச்சான் யோசித்தால், மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் என்று ஒருவர் எத்தனையோ வருடத்துக்கு முன்னாலேயே கோயிலிலும் கச்சேரியிலும் வாசித்து எல்லாவற்றையும் காட்டிவிட்டார் என்று சொல்லுங்கள். ராத்திரி ஊர்வலத்துக்குத் துணைக்கு யார் போவது, திரும்பி எப்படி வருவது என்பதுதான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது. அதை இப்போதே பேசிவிடுங்கள்.

மகுடம்:
நான் பாட்டுப் படித்தவள் இல்லை, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல். இசைக் கல்லூரி இல்லை என்று தள்ளிவிட வேண்டாம், நம் மாவட்டத்தில் கலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற வாய்ப்பு அந்தப் படிப்பில்தான் எனக்குக் கிடைத்தது.

கணியான் கூத்து பற்றிக் களப்பணி. மகுடம் என்கிற தோல்கருவியின் அடிக்குக் கதை பாடி ஆட்டத்தை நடத்துகிற ஓர் அண்ணாவிக்குப் பின்னாலேயே சுடலைமாடன் கொடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மகுடம், உச்சம் ஒன்று மந்தம் ஒன்று, ஆட்டத்துக்கு நடுவில் போய் நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வருவார்கள். பெண் வேடம் கட்டின ஆண்கள் ஆட, அண்ணாவி கதை பாட, சாமியாடி வருகிற நேரத்துக்கு அடி மாறும். மாறும் என்று எழுதிவிட்டேன், அது மாறுகிற கணத்தில் அங்கே நின்றால் நம் காலும் சும்மா இருக்காது.

அப்புறம் ஓர் இடத்தில் மாணவர் கலைவிழா. நாட்டுப்புறக் கலைப் போட்டிக்கு மகுடம் கொண்டுபோகலாம் என்று நாங்கள் சில பேர் அவரிடமே பழகினோம். நடுவர் கையில் இருந்த தாளில் கரகம் இருக்கிறது, ஒயில் இருக்கிறது, பறை இருக்கிறது, மகுடத்துக்கு இடமே இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் போட்டார்கள். பரிசு வரவில்லை, அது போகட்டும். அண்ணாவி பார்க்க வந்திருந்தார். அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "தாயி, அடி சரியாத்தான் விழுந்துச்சு. ஆனா யாருக்கு அடிக்கீங்கன்னு தெரியலயே. அங்க எதிர்ல ஆடுதவன் இருப்பான். இங்க எதிர்ல ஆபீசர்மாருல்லா இருக்காவ."

அடுத்த தடவை அவரையே மேடையில் உட்கார வைத்து, அவர் கதை பாட நாங்கள் வாசித்தோம். போட்டி விதிப்படி அது செல்லாது, மாணவர் அல்லாதவர் ஏறக் கூடாதாம். அதனால் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல், இடைவேளையில் கேட்டு வாங்கி வாசித்தோம். சாப்பிடப் போன கூட்டம் பாதி திரும்பி வந்தது.

மாமா, உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள், வில்லுப்பாட்டு, கணியான், நையாண்டி மேளம் எதையும் "அது வேற, நம்மது வேற" என்று ஒதுக்க வேண்டாம். சாஸ்திரீயம் படிக்கிற சில பிள்ளைகளுக்கு இந்த வியாதி இருக்கிறது. சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வில்லை வைத்துக்கொண்டு 2021-ல் பத்மஸ்ரீ வரைக்கும் போனார்.

தம்புரா நாலு கட்டை:
வானொலியை யாரும் சொல்லவில்லையே! திருநெல்வேலி நிலையம் 1963-லிருந்து இருக்கிறது. இளைஞர்களுக்கு அதில் யுவவாணி என்ற நிகழ்ச்சி. குரலிசை படிக்கும்போது அதில்தான் முதலில் பாடினேன்.

மேடையில் பாடிப் பழகினவளுக்கு அந்த அறை ஒரு தண்டனை. எதிரில் ஆள் இல்லை, தலை ஆட்ட ஒருத்தர் இல்லை, மூச்சு விடுகிற சத்தம் நமக்கே கேட்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று: "மேல் ஸ்தாயிக்குப் போறப்ப முகத்தை லேசா திருப்பிக்கம்மா, மைக்கைப் பாத்துக் கத்தாத." எந்தப் பாட்டு வாத்தியாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. இன்றைக்குக் கோயில் கச்சேரியில் மைக்காரரோடு சண்டை போடாமல் பாடுகிறேன் என்றால் அந்தப் புண்ணியவான் புண்ணியம்.

யுவவாணியில் பாடிவிட்டால் தரம் பெற்ற கலைஞர் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். அதற்குத் தனியாகக் குரல் தேர்வு உண்டு, பி, பி உயர்நிலை, ஏ, அதற்கு மேல் டாப் என்று தரம். வெளியூர் சபாக்காரர்கள் முதலில் கேட்பது அந்தத் தரத்தைத்தான்.

சலங்கை அம்மா:
என் மகள் பரதம். நல்லது எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் கொஞ்சம் கசப்பைப் போடுகிறேன்.

தனியார் பயிற்சி நிலையம் ஒன்று. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடும் உலக சாதனை, உங்கள் பிள்ளைக்கும் வாய்ப்பு என்றார்கள். வாய்ப்புக்குக் கட்டணம், உடைக்கு வாடகை, ஒப்பனைக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி, வேனுக்குத் தனி. மைதானத்தில் வெயிலில் காலையிலிருந்து நிற்க வைத்து, ஆடினது ஒரு பாட்டு. கூட்டத்தில் என் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பெற்ற எனக்கே தெரியவில்லை. வீடியோவில் தேடினோம், அதிலும் இல்லை!

பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஒரு பாட்டி, பேரனை அழைத்து வந்தவள், என்னிடம் கேட்டாள், "ஏட்டி, இதுல யாரு யாரப் பாக்கதுக்கு வந்துருக்கோம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆடுவதற்குப் பணம் கேட்டால் போவதில்லை. பணம் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்கக் கூடாது. நவராத்திரிக்கு ஊர்க் கோயிலில் நாலு பேர் முன்னால் தனியாக ஒரு பதம் ஆடினாள், அதில் கற்றது அதிகம். ஒலிநாடா நின்றுபோய், நட்டுவாங்கம் செய்த அக்கா வாயாலேயே சொல்லி முடித்த ஆட்டம் அது.

கரித்துண்டு:
கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, ஓவியம். சொந்த ஊர் செய்துங்கநல்லூர். வரைகிறவனுக்கு மேடை ஏது, ஆனால் ஒரு சந்திப்பு உண்டு.

விடுமுறைக்கு வந்தபோது வெளிப்புற வரைவுப் பயிற்சிக்காகக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்திலேயே கிடந்தேன். இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிற குறவன் சிலையை வரைந்துகொண்டிருந்தேன். பூக்கட்டுகிற ஆச்சி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அவன் ஓடுதான், நீ போட்டவன் நிக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்லூரியில் விமர்சன வகுப்பு என்று ஒன்று வைத்து ஒரு மணி நேரம் பேசுவோம், இதற்கு மேல் அங்கேயும் யாரும் சொல்லிவிட முடியாது. சிலையில் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

அந்த வரைபடங்களைப் பார்த்து, பக்கத்து ஊர்க் கொடைக்கு வரி பிரிக்கிற அண்ணாச்சிமார் வந்தார்கள். ஃப்ளெக்ஸ் அடித்து அலுத்துவிட்டது, சாமிக்குப் பின்னால் கட்டுவதற்குத் துணியில் கையால் படம் எழுதித் தருவாயா என்று. எழுதினேன். மாடன் மீசை சின்னதாக இருக்கிறது என்று மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். பெரிசாக்கிக் கொடுத்தேன், கூலி கைக்கு வந்தது.

வயலின் டீச்சர்:
உருப்படியான இரண்டு தகவல், பிள்ளைகளுக்குப் பயன்படும். மத்திய கலாச்சார அமைச்சகத்தில் இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை இருக்கிறது, 18 முதல் 25 வயது, மாதம் 5000 ரூபாய் வீதம் இரண்டு வருடம். என்னிடம் படித்த ஒரு பெண் நேர்காணலுக்குப் போய்வந்தாள். வாசிக்கச் சொன்னார்கள், பாதியில் நிறுத்தி அந்த ராகத்தின் இலக்கணத்தைக் கேட்டார்கள், அப்புறம் விட்ட இடத்திலிருந்தே எடுக்கச் சொன்னார்களாம். விரலை மட்டும் பழக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் அங்கே விழித்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, நம் மாநிலக் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுகள். 18 வயதுக்குள் கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி. விண்ணப்பத்தில் எங்கெங்கே நிகழ்ச்சி செய்தீர்கள் என்று கேட்பார்கள். எனவே அம்மன் கோயில் கொடையானாலும் அழைப்பிதழ், நோட்டீஸ், போட்டோ எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பழைய பேப்பரோடு தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

வீரவநல்லூர் மாமா:
எல்லாவற்றையும் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மச்சான் சலங்கை அம்மா எழுதினதை இரண்டு தடவை கேட்டார். அக்கா, ராத்திரித் துணைக்கு நீ போவியா என்று என்னைக் கேட்டாள். சரி என்றுவிட்டேன், கொடை பார்க்க எனக்கென்ன கசக்குமா. விண்ணப்பம் வாங்கப் போகிறோம். ஒத்துக்காரன் தம்பி, ஒரே ஒரு சந்தேகம், வாத்தியம் இப்போதே வாங்கணுமா? அவள் நரசிங்கம்பேட்டை, நரசிங்கம்பேட்டை என்கிறாள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

ஒத்துக்காரன்:
இப்போ வேண்டாம் அண்ணாச்சி. நரசிங்கம்பேட்டை ஆச்சா மர வாத்தியம்தான் உசத்தி, 2022-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊதிப் பழகுகிற பிள்ளைக்கு எந்த சுருதி ஒத்துவரும், மூச்சு எவ்வளவு நிற்கும் என்று ஆசிரியர் கேட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். அதுவரைக்கும் என்னிடம் பழசு ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போங்கள். சீவாளி மட்டும் புதுசாகப் போட்டுக்கொள்ளட்டும், அதை யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை.