நம்ம குடும்பம் 🚛 வாட்ஸ்அப் குழு

[காலை 5:42] குமாரு: மாமா முழிச்சிருக்கீங்ளா? தொப்பூர் மலை எறங்கி வண்டிய ஓரங்கட்டிட்டேன். பின் வீல்ல பொகை வருது

[5:42] குமாரு: 📷 போட்டோ

[5:43] செல்வி அத்தை: இனிய காலை வணக்கம் 🌺🙏

[5:43] செல்வி அத்தை: ஐயோ சாமி என்ன பொகை?? உனக்கு ஒண்ணும் இல்லையே

[5:44] பெரிய மாமா: தண்ணி கிண்ணி ஊத்திறாத. சூட்டோட ஊத்துனா பிரேக் டிரம் கீறல் உட்ரும்

[5:44] பெரிய மாமா: ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். சமதளம்னா சக்கரத்துக்குக் கட்டை போடு

[5:46] குமாரு: சமதளந்தானுங் மாமா. கட்டை போட்டுட்டேன். தண்ணி கேனத் தூக்கிட்டு எறங்குனேன், நல்லவேளை உங்க மெசேஜ் பாத்தேன்

[5:47] பெரிய மாமா: என்ன லோடு? எந்த கியர்ல எறங்குன?

[5:48] குமாரு: தாவணகெரெ மக்காச்சோளம் 20 டன், கோழித்தீவனத்துக்கு. ஆறாவது கியர். ஆனா எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுட்டேதான் வந்தனுங். புடிக்கவே இல்ல. சுவிட்சு போயிருச்சாட்ட இருக்குது

[5:49] சரவணன் பட்டறை: ஆறுல வந்தா எங்கிருந்துடா புடிக்கும் 😂

[5:52] சரவணன் பட்டறை: அது சக்கரத்தப் புடிக்கற பிரேக் இல்ல. சைலன்சருக்குப் போற பைப்புல ஒரு தட்டு இருக்கு. சுவிட்சு போட்டா தட்டு மூடும், டீசலும் கட்டாகும். உள்ள அடைபட்ட காத்து பிஸ்டன எதுத்துத் தள்ளும். எஞ்சின் எவ்ளோ வேகமா சுத்துதோ அவ்ளோதான் இழுவை. ஆறாவது கியர்ல எஞ்சின் நிமிசத்துக்கு 1200 சுத்துல வந்தா சும்மா சத்தந்தான் வரும்

[5:53] குமாரு: வளைவுல கிளட்ச்சும் மிதிச்சேன்ணா

[5:53] சரவணன் பட்டறை: 🤦 மிதிச்ச நேரம் பூரா எக்ஸாஸ்ட் பிரேக் இல்லவே இல்ல. நியூட்ரலும் அதே கதைதான்

[5:54] பெரிய மாமா: 🎤 குரல் செய்தி (1:48)

[5:56] செல்வி அத்தை: எனக்கு வாய்ஸ் கேக்கல, டைப் பண்ணுங்க

[6:01] பெரிய மாமா: அந்த மேட்ட இதே லோடோட ஏறுனா எந்த கியர் போடுவியோ அதுலயே எறங்கோணும். கியர மேலயே, எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முந்தியே போட்டுரு. பாதில மாத்தப் போயி கியர் உழுகலன்னா வண்டி உருள ஆரம்பிச்சிரும். எஞ்சின் சுத்து காட்ற மீட்டர் முள்ளு செவப்புக்குப் போகுதுன்னா கால் பிரேக்க ஒருக்கா நல்லா மிதிச்சு வேகத்தக் கொறச்சுட்டு கால எடுத்துரு. தேச்சுக்கிட்டே வராத. நான் ஒருக்கா திம்பம் மலைப்பாதைல அப்படித் தேச்சுட்டு வந்து, 27 வளைவுல பாதிகூடத் தாண்டல, மீட்டர்ல பிரேக்குக்கு வேண்டிய ஏர் நெறய இருக்கு, மிதிச்சா வண்டி நிக்கல. சூட்டுல டிரம் விரிஞ்சு, அத உள்ள இருந்து அமுக்கற பிரேக் லைனிங் புடிக்கல. அன்னிக்கு மண்ணுல ஏத்தி நிறுத்துனேன். உங்க அத்தைக்கு இது வரைக்கும் தெரியாது

[6:02] செல்வி அத்தை: இப்பத் தெரிஞ்சுருச்சு

[6:02] பெரிய மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:04] குமாரு: 😂 முதலாளிதான் எறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்னு சொன்னாருங்

[6:05] சரவணன் பட்டறை: கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல கால எடுத்தா டீசலே போகாது. நியூட்ரல்லதான் எஞ்சின் ஓட டீசல் குடிக்கும். அவர ஒரு நாள் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வா

[6:07] பெரிய மாமா: இன்னொண்ணு. காலி வண்டி, மழைன்னா எக்ஸாஸ்ட் பிரேக் போடாத. பின்சக்கரம் மட்டும் இழுபட்டு வாலு சுத்திரும்

[6:38] குமாரு: பொகை நின்னுருச்சுங் மாமா. கெளம்பறேன்

[6:38] சரவணன் பட்டறை: மெதுவா நேரா பட்டறைக்கு வா, லைனிங் பாக்கணும்

[6:39] பெரிய மாமா: கட்டைய எடுத்து வண்டில போட்டியா? போன வாட்டி எம்பட கட்டையத்தான் கிருஷ்ணகிரில உட்டுட்டு வந்த