கழுவி வைத்த உணவுப் பைகளில் பூஞ்சையும் வெங்காய வாடையும்: என்ன செய்யலாம்?

புதுக்குடித்தனம் (கேள்வி):
உணவு வைக்கும் பிளாஸ்டிக் பைகளை ஒரே முறையில் எறிந்துவிட மனம் வராததால், ஆறு மாதங்களாக அவற்றைக் கழுவி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தி வருகிறேன். ஜிப் வைத்த தடித்த பைகளோடு, ரொட்டி வரும் மெல்லிய பைகளையும் விட்டுவைப்பதில்லை. சென்ற வாரம், மடித்து வைத்திருந்த ஒரு ஜிப் பையை இழுப்பறையிலிருந்து எடுத்தபோது, அதன் அடிமூலையில் ஒரு சொட்டு நீரும், அதைச் சுற்றிக் கடுகளவில் கரும்புள்ளிகளும் இருக்கக் கண்டேன். கொதிநீரில் கழுவினால் தீர்ந்துவிடும் என்று எண்ணி இன்னொரு பையில் ஊற்றிப் பார்த்தேன். பை சுருங்கி, ஜிப் நெளிந்து, பிறகு மூடவே முடியவில்லை. வெங்காயம் வைத்த பையிலோ எத்தனை முறை கழுவினாலும் வாடை போவதாக இல்லை. நான் எங்கே தவறு செய்கிறேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஈரக்கை:
கொதிநீர் வேண்டவே வேண்டாம். இவ்வகைப் பைகளில் பெரும்பாலானவை குறைந்த அடர்த்தி பாலிஎத்திலீனால் ஆனவை. அது உருகுவதற்கு ஏறத்தாழ 105 முதல் 115 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகி வடிவத்தை இழந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் நீரும், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டும் போதும். பையைக் கால்வாசி நிரப்பி மூடிக் குலுக்கிய பின், உள்புறத்தை வெளியே திருப்பி மென்மையான பஞ்சால் தேய்த்து அலசுங்கள். கம்பி நார் ஆகாது. அது போடும் நுண்ணிய கீறல்களில்தான் அடுத்த முறை அழுக்கு போய் அமரும். ஜிப்பின் பள்ளத்தைத் துலக்குவதற்கென்றே ஒரு பல்துலக்கியை ஒதுக்கி வையுங்கள்.

ஆனால் நீங்கள் கண்ட பூஞ்சைக்குக் காரணம் கழுவிய முறை அன்று, உலர்த்திய முறை. ஈரம் இருக்கும்வரை பையின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இடையே காற்று புகாது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாலும் வாய்ப்பகுதி காய்ந்து, அடிமூலை ஈரமாகவே இருக்கும். கனமான ஒரு குடுவையில் நீண்ட மரக்கரண்டிகள் இரண்டைச் சற்று விலக்கி நிறுத்தி, அவற்றின் மேல் பையைக் கவிழ்த்துவிட்டால், வாய் அகன்று காற்று உள்ளே போய்வரும். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் அடிமூலையை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள்: இரு பக்கங்களும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் உலர்ந்துவிட்டது, ஒட்டி இழுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாத பையை நான் மடிப்பதே இல்லை. பூஞ்சை கண்ட பையைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

மூன்றாவது அடுக்கு:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் கழுவும் முறையைப் பேசுவதற்கு முன், பையில் என்ன இருந்தது என்பதைக் கேட்டிருக்க வேண்டும். பச்சை இறைச்சி, மீன், முட்டை ஆகியவை இருந்த பையை எவ்வளவு பக்குவமாகக் கழுவினாலும் நான் திரும்ப எடுப்பதில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளை நம்பிக்கையாகக் கொல்லும் அளவுக்குச் சூடான நீரை இந்தப் பை தாங்காது. தாங்கும் சூட்டில் கழுவினாலோ மடிப்பிலும் ஜிப்பின் பள்ளத்திலும் அவை தங்கிவிடக்கூடும். வேர்க்கடலை போன்றவை ஒவ்வாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவை இருந்த பையை வேறு உணவுக்கு மாற்றாதீர்கள்.

வெங்காய வாடையைப் பொறுத்தவரை, சோப்பு தோற்றுப்போவதில் வியப்பில்லை. அந்த வாடைக்குரிய கந்தகச் சேர்மங்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நிற்காமல் அதற்குள்ளேயே ஊறிவிடுகின்றன. எண்ணெயும் அப்படித்தான், சில நாட்கள் சென்றபின் சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். அப்பையை வெங்காயத்துக்கே ஒதுக்கிவிடுங்கள். என் வீட்டில் மை கொண்டு ‘வெங்காயம்’ என்று எழுதிய பை ஒன்று பல மாதங்களாகத் தன் பணியை ஒழுங்காகச் செய்துவருகிறது.

ரொட்டிப்பிரியர்:
ரொட்டிப் பையைப் பற்றி ஒரு சொல். உள்ளே துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன என்று அதை வெளிப்புறம் உள்ளே போகும்படி திருப்பி உணவு வைப்பவர்கள் உண்டு. அச்சு மை இருப்பது வெளிப்புறத்தில். உணவைத் தொடுவதற்காக அந்தப் பக்கம் செய்யப்படவில்லை. கழுவுவதற்காகத் திருப்பினாலும், உலர்ந்ததும் மறக்காமல் பழையபடி திருப்பிவிடுங்கள். உண்மையில், அத்தனை மெல்லிய பையைக் கழுவும் சிரமமே வீண் என்பது என் கருத்து. துணுக்குகளை உதறிவிட்டு, மறுபடியும் ரொட்டிக்கோ, தோல் உரிக்காத பழத்துக்கோ பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதுக்குடித்தனம்:
மூவருக்கும் நன்றி. மரக்கரண்டி முறையில் நேற்றிரவு நான்கு பைகளைக் கவிழ்த்து வைத்தேன், மூன்று உலர்ந்திருந்தன. நான்காவதன் மூலை விரலில் ஒட்டியதால் மீண்டும் கவிழ்த்திருக்கிறேன். ஒரு பை பயன்படுத்தும் தகுதியை இழந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறீர்கள்?

ஈரக்கை:
எண்ணிக்கை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அரைப் பை நீர் ஊற்றி மூடி, கழுவு தொட்டியின் மேல் தலைகீழாகப் பிடித்து மெல்ல அழுத்துவேன். ஜிப்பின் ஓரத்தில் நீர் கசிந்தாலோ, மடிப்புகள் வெளுத்து மங்கிப்போயிருந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ அதற்குப்பின் உணவு வைப்பதில்லை. திருகாணிகளும் பொத்தான்களும் அந்தப் பைகளில்தான் இருக்கின்றன.