சுவரொட்டியில் பெரிய தமிழ் எழுத்துகள்: வரிகளை நெருக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஒரு குறும்படத்திற்காக, படமே இன்றி, ஒற்றை நிறப் பின்னணியில் தலைப்பெழுத்துகள் மட்டும் தாளின் முக்கால் பங்கை நிரப்பும் சுவரொட்டி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். ஆங்கிலப் பேரெழுத்துகள் மேலும் கீழும் ஒரே மட்டத்தில் நிற்பதால் வரிகளை ஒட்டி அடுக்கிவிடலாம். தமிழிலோ, மேல் வரியிலுள்ள ‘பு’, ‘சு’ ஆகியவற்றின் கீழ்க்கோடுகள் அடுத்த வரியின் புள்ளிகளோடும் ‘கி’, ‘தீ’ போன்றவற்றின் மேல்விலங்குகளோடும் மோதுகின்றன. வரிகளின் இடைவெளியைக் கூட்டினால், எழுத்துகள் நெருங்கி நிற்பதால் வரும் கனமே போய்விடுகிறது.

தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே மாற்ற இயலும் என்பதால் அனெக் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன். மோதும் உறுப்புகளை வெட்டிச் சுருக்குவதா, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு கையால் வரைவதா? புள்ளியை எழுத்தின் உள்வெளிக்குள் இறக்கினால் (எனக்கு அதில் தயக்கமே மிகுதி) தொலைவிலிருந்து படிக்க முடியுமா? அச்சுக்குச் சென்ற வேலைகளில் இதைக் கையாண்டவர்கள் மாதிரிகளுடன் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.